மருந்து சுரக்கும் கான்டாக்ட் லென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். தினமும் இரவு படுக்கையில் மல்லாந்து படுத்து, நடுங்கும் கையால் சொட்டு மருந்துக் குப்பியைப் பிடித்து அழுத்துவார். ஒரு துளி இமை மேல் விழும், அடுத்தது கன்னத்தில் வழிந்து காதுப் பக்கம் ஓடும். மூன்றாவது துளி விழுந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "உள்ளே விழுந்ததா?" என்று கேட்பார். எனக்கும் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் மருந்து சுரக்கும் லென்ஸ்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நண்பர்களும் உறவினர்களும் அடிக்கடி கேட்பவற்றையும், நானே மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மருந்து சுரக்கும் லென்ஸ் என்பது என்ன?

பார்ப்பதற்குச் சாதாரண மென்மையான கான்டாக்ட் லென்ஸ்தான். சுமார் 14 மில்லிமீட்டர் அகலம், நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே தடிமன். நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஹைட்ரோஜெல் என்ற பொருளால் ஆனது. அந்தப் பொருளுக்குள்ளேயே மருந்து அடைக்கப்பட்டிருக்கும். லென்ஸ் கண்ணில் இருக்கும் நேரம் முழுவதும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கண்ணீரில் கலக்கும்.

சொட்டு மருந்துதான் இருக்கிறதே, இது எதற்கு?

சொட்டு மருந்தின் கணக்கைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். எனக்கு இந்தக் கணக்கு முதலில் புரிந்தபோது நம்பவே முடியவில்லை.

குப்பியிலிருந்து விழும் ஒரு துளி 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். ஆனால் நம் கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீரே 7 முதல் 10 மைக்ரோலிட்டர்தான். கண் இமைக்காமல் இருந்தாலும் மொத்தமாக 30 மைக்ரோலிட்டருக்கு மேல் அங்கே இடமில்லை. ஆக, துளி சரியாக விழுந்தாலும் அதில் ஒரு பகுதி அப்போதே வெளியே வழிந்துவிடும். மிச்சம் இருப்பதைக் கண்ணீர் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு இமைப்பும் அதை மூக்கோரம் உள்ள சிறு துளை வழியாக மூக்குக்குள் தள்ளுகிறது. சொட்டு விட்டதும் தொண்டையில் கசப்பது இதனால்தான். சில நிமிடங்களில் பெரும்பகுதி போய்விடும்.

இறுதியில் கண்ணுக்குள் ஊடுருவுவது விட்ட மருந்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு, பல மருந்துகளில் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். 0.5 சதவீதக் கரைசலில் 40 மைக்ரோலிட்டர் துளி ஒன்றில் 200 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. நல்ல நேரத்தில்கூட 10 மைக்ரோகிராமைத் தாண்டி உள்ளே போவதில்லை. மீதி எங்கே போகிறது? கன்னத்துக்கு, கைக்குட்டைக்கு, மூக்கின் சளிச்சவ்வு வழியாக ரத்தத்துக்கு. ரத்தத்தில் கலந்த டிமோலால் இதயத் துடிப்பை மந்தப்படுத்தும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலைத் தூண்டும். கண்ணுக்கென்று விட்ட மருந்து மார்பில் போய்த் தொல்லை தருகிறது.

இத்தனைக்கும் இது ஒழுங்காகச் சொட்டு விடுபவர்களின் கணக்கு. மறந்துபோகிறவர்கள், கை நடுங்குகிறவர்கள், குப்பியை அழுத்தக்கூட வலுவில்லாதவர்கள் கணக்கு வேறு. கண் அழுத்த நோயில் வலியும் இல்லை, ஆரம்பத்தில் பார்வையில் குறையும் தெரிவதில்லை. அதனால் ஒருநாள் விட்டால் என்ன என்று தோன்றும். அந்த ஒருநாள் வாரமாகும்போதுதான் பார்வை நரம்பு சத்தமில்லாமல் அரிக்கப்படுகிறது.

லென்ஸில் வைத்தால் மட்டும் மருந்து எப்படி அதிகமாக உள்ளே போகும்?

லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே மிக மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று சிக்கிக்கொள்கிறது. வெளியே உள்ள கண்ணீர் ஓரிரு நிமிடங்களில் புதிதாகிவிடும். லென்ஸுக்கு அடியில் உள்ளது மாறுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். அந்தத் தேங்கிய நீரில் மருந்து கசியும்போது, கருவிழியை விட்டால் அதற்குப் போக்கிடம் குறைவு. டிமோலாலை வைத்து ஆய்வாளர்கள் போட்ட கணக்குகளில், லென்ஸிலிருந்து வரும் மருந்தில் ஏறக்குறைய பாதி கருவிழிக்குள் போகலாம் என்று தெரிந்தது. 5 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் உள்ள தூரம்தான் இந்தத் துறையில் இத்தனை பேரை இழுத்து வைத்திருக்கிறது.

இது சமீபத்திய யோசனையா?

இல்லை. மென்மையான லென்ஸ் எவ்வளவு பழையதோ, இந்த யோசனையும் கிட்டத்தட்ட அவ்வளவு பழையது. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, தன் சக ஆய்வாளர் டிராஹோஸ்லாவ் லிம்முடன் சேர்ந்து, உயிர் உடலோடு ஒத்துப்போகும் நீரேறிய ஜெல்களைப் பற்றி 1960இல் கட்டுரை வெளியிட்டார். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டிலேயே, மகனின் கட்டுமானப் பொம்மைத் தொகுப்பை வைத்து ஒரு சுழல் இயந்திரம் செய்து, அதில் லென்ஸ்களை வார்த்தெடுத்தார். இந்த ஜெல்லுக்குள் மருந்தையும் சேர்க்கலாம் என்ற எண்ணமும் 1960களிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் மென்மையான லென்ஸுக்கு 1971இல் அனுமதி கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் மருத்துவர்கள் லென்ஸ்களைப் பைலோகார்பின் போன்ற கண் அழுத்த மருந்துகளில் ஊறவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள்.

அப்படியானால் கடைக்கு வர ஏன் அறுபது ஆண்டு?

ஊறவைத்த லென்ஸ் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, அதுதான் முதல் முட்டுக்கட்டை. நனைந்த பஞ்சைப் பிழிந்ததுபோல, கண்ணில் வைத்த முதல் ஓரிரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி கொட்டிவிடும். தொடக்கத்தில் தேவைக்கு மேல், பிறகு ஒன்றுமே இல்லை. மருத்துவத்துக்கு வேண்டியது சீரான கசிவு.

இதைச் சரிசெய்யப் பலரும் பல வழிகளில் முயன்றார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வைட்டமின் ஈ வழி. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அனுஜ் சௌஹான் குழுவினர், சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வைட்டமின் ஈ திட்டுகளை உருவாக்கினார்கள். டிமோலால் போன்ற மருந்து அந்த எண்ணெய்த் திட்டுகளுக்குள் புகாது. ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். நேர்வழியில் பாறைகளைப் போட்டால் ஓடை வளைந்து வளைந்து போவதுபோல. ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துபோய்க்கொண்டிருந்த மருந்து, ஒரு நாளைத் தாண்டியும் கசிந்தது. கண் அழுத்த நோய் உள்ள பீகிள் நாய்களில் சோதித்தபோது அழுத்தமும் குறைந்தது.

இரண்டாவது வழி அச்சுப்பதித்தல். லென்ஸை வார்க்கும்போதே மருந்து மூலக்கூறுகளைக் கலந்து, அவற்றின் உருவத்துக்கேற்ற குழிகள் ஜெல்லில் உருவாகும்படி செய்வார்கள். பிறகு ஏற்றும் மருந்து அந்தக் குழிகளில் ஒட்டிக்கொண்டு மெதுவாகவே கழலும். ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்மென் ஆல்வரெஸ் லொரென்ஸோ இதில் முன்னோடி. மூன்றாவது வழி, மருந்து கலந்த பாலிமர் படலத்தை வளையம்போல் வெட்டி லென்ஸின் ஓரப் பகுதிக்குள் பொதிந்துவிடுவது. நடுவில் பார்வைக்கான வட்டம் தெளிவாகவே இருக்கும். பாஸ்டனில் ஜோசப் சியோலினோ, டேனியல் கோஹேன் ஆகியோரின் குழு 2009இல் இப்படிச் செய்த லென்ஸ், சோதனைக்கூடத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை ஏறத்தாழ ஒரு மாதம் கசிய விட்டது.

கசிவைச் சரிசெய்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்தே வருகிறது. ஆகவே லென்ஸ் காற்றை உள்ளே விட வேண்டும். மருந்தைத் திணித்தாலும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும், விறைத்துப்போகக் கூடாது. கிருமிநீக்கத்துக்காக 121 டிகிரி வெப்பத்தில் நீராவியில் வைக்கும்போது மருந்து சிதையக் கூடாது. பிறகு மாதக்கணக்கில் உப்புநீரில் மூழ்கியபடி பெட்டிக்குள் கிடக்கும்போது மருந்து அந்த நீருக்குள் கசிந்துவிடக் கூடாது. கண்ணில் கசிய வேண்டும், பெட்டியில் கசியக் கூடாது என்றால் அது எவ்வளவு சிக்கலான கோரிக்கை என்று பாருங்கள். மேலும் இது ஒரே நேரத்தில் மருந்தாகவும் மருத்துவச் சாதனமாகவும் இருப்பதால் இரண்டுக்கும் உரிய சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

அனுமதி பெற்ற லென்ஸ் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் அக்யூவ்யூ தெராவிஷன். ஜப்பான் 2021இலும், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022இலும் அனுமதி தந்தன. ஒவ்வாமையால் வரும் கண் அரிப்பைத் தடுக்கும் கீட்டோடிஃபென் என்ற மருந்து ஒவ்வொரு லென்ஸிலும் 19 மைக்ரோகிராம் இருக்கிறது. காலையில் போட்டு இரவில் எறிந்துவிட வேண்டிய ஒருநாள் லென்ஸ் அது. பார்வைக் குறையையும் சரிசெய்யும்.

244 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனைகள் இரண்டில், ஒவ்வாமை தரும் பொருளை நேரடியாகக் கண்ணில் விட்டே அரிப்பைத் தூண்டினார்கள். லென்ஸ் போட்ட 15 நிமிடங்களிலும், 12 மணி நேரம் கழித்தும், மருந்தில்லாத லென்ஸ் போட்டவர்களைவிட இவர்களுக்கு அரிப்பு தெளிவாகக் குறைவாக இருந்தது. வழக்கமாக லென்ஸ் அணிபவர்களுக்கு ஒவ்வாமைக் காலம் எவ்வளவு வேதனை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். லென்ஸைக் கழற்று, சொட்டு விடு, காத்திரு, மறுபடி போடு என்று நாள் முழுவதும் அல்லாடுவார்கள்.

ஆனால் ஏற்கெனவே சிவந்திருக்கும் கண்ணுக்கு இது இல்லை. லென்ஸ் அணிவதால் வந்த எரிச்சலுக்கும் இல்லை. அனுமதி கிடைப்பதும் கடையில் கிடைப்பதும் வேறுவேறு என்பதால், நீங்கள் இருக்கும் இடத்தில் கிடைக்கிறதா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண் அழுத்த நோய்க்கு?

என் அம்மாவுக்காக நான் முதலில் தேடியது இதைத்தான். இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. பாஸ்டன் குழு லட்டானோப்ரோஸ்ட் மருந்தை வளையமாகப் பொதிந்த லென்ஸை, கண் அழுத்தம் உள்ள குரங்குகளில் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு வாரம் தொடர்ந்து அணிந்த லென்ஸ், தினமும் விட்ட சொட்டு மருந்துக்குச் சளைக்காமல் அழுத்தத்தைக் குறைத்தது. மருந்தளவு கூடிய லென்ஸ் இன்னும் நன்றாகவே வேலை செய்தது. பிமட்டோப்ரோஸ்ட் மருந்தை லென்ஸின் மேல் அச்சிடும் இன்னொரு முயற்சி, மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது.

நம்பிக்கையோடு சொல்கிறேன், ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். இந்த நோய் வருபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். சொட்டு விடவே கை நடுங்குகிறவர் லென்ஸை எப்படிப் போடுவார்? ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும் என்றால், லென்ஸோடு தூங்க வேண்டும். அது தொற்று அபாயத்தைப் பல மடங்கு கூட்டும். வயதான கண்களில் வறட்சியும் அதிகம். இந்த மூன்றுக்கும் விடை காணாத எந்த லென்ஸும் என் அம்மாவுக்கு உதவாது.

கருவிழிப் புண், கிருமித் தொற்று போன்றவற்றுக்குப் பயன்படுமா?

எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது இந்த இடம்தான். கடுமையான கருவிழித் தொற்றில் மணிக்கு ஒரு முறை, இரவிலும் தூங்கவிடாமல் சொட்டு விட வேண்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து விட்டுக்கொண்டிருப்பவரும் நோயாளியோடு சேர்ந்து துவண்டுபோவார். ஆன்டிபயாடிக்கையும் பூஞ்சைக்கொல்லியையும் சீராகச் சுரக்கும் லென்ஸ் வந்தால் அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் தொற்றுள்ள கண்ணை லென்ஸால் மூடுவதா என்ற தயக்கம் மருத்துவர்களுக்கு இருக்கிறது, அது நியாயமான தயக்கம்.

விழித்திரை நோய்களுக்கு?

இப்போதைக்கு ஊசிதான். கண்ணின் முன்புறத்திலிருந்து பின்புறம்வரை மருந்து போய்ச் சேர்வது கடினம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கும் லென்ஸ் முயல்களின் விழித்திரைவரை மருந்தைக் கொண்டுசேர்த்ததாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அது முதல் அடி மட்டுமே.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் ஒரு லென்ஸ் வைத்தார். அது இதுதானா?

இல்லை. அது கட்டு லென்ஸ். லேசர் பார்வைத் திருத்தத்துக்குப் பிறகும், கருவிழி சிராய்த்துக்கொண்டாலும், புண்மேல் இமை உரசி வலிக்காமல் இருக்கப் போடுவது. அதற்குள் மருந்து இருக்காது. அதன் மேலேயே சொட்டு விடச் சொல்வார்கள், சொன்னபடி விடுங்கள்.

என்னிடம் இருக்கும் லென்ஸை வீட்டிலேயே சொட்டு மருந்தில் ஊறவைத்துப் போட்டுக்கொள்ளலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். படித்தவர்களே இதைக் கேட்கிறார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மருந்து கொட்டும் என்பது யாருக்கும் தெரியாது. அதைவிட மோசம், பல சொட்டு மருந்துகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு. மென்மையான லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் கருவிழியின் மேல்தோலோடு ஒட்ட வைத்திருக்கும். அந்தத் தோலைச் சிதைக்கும் வேதிப்பொருள் அது. வழக்கமான சொட்டு மருந்தை விடும்போது லென்ஸைக் கழற்றிவிட்டு, குறைந்தது 15 நிமிடம் கழித்தே மறுபடி போடச் சொல்வதும் இதனால்தான்.

பக்க விளைவுகள் உண்டா?

மருந்துக்கு உரியவை, லென்ஸுக்கு உரியவை என இரண்டும் உண்டு. ரத்தத்தில் கலக்கும் அளவு குறைய வாய்ப்பிருப்பதால் மருந்தின் தொல்லை குறையலாம். லென்ஸின் தொல்லை அப்படியே இருக்கும்: எரிச்சல், வறட்சி, ஆக்சிஜன் குறைவு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிருமித் தொற்று. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுவதும், லென்ஸோடு குளிப்பதும் நீந்துவதும் அக்காந்தமீபா என்ற அமீபா நுழைய வழிவிடும். அது தரும் கருவிழித் தொற்று பார்வையையே பறிக்கக்கூடியது, குணமாக மாதக்கணக்கில் ஆகும். மருந்து இருக்கிறதே என்று இந்த விதிகளில் ஒன்றுகூடத் தளராது.

லென்ஸ் ஒத்துவராதவர்களுக்கு வேறு வழி?

சொட்டை விட்டு விலகும் முயற்சி பல திசைகளில் நடக்கிறது. 1974இல் வந்த ஆக்யுசெர்ட், இமைக்கு அடியில் வைக்கும் சிறு வில்லை. ஒரு வாரம் பைலோகார்பினைச் சுரக்கும். கண்ணிலிருந்து நழுவி விழுந்தது, உறுத்தியது, நாளடைவில் வழக்கொழிந்தது. இன்றைய வில்லைகளும் லென்ஸ்களும் அந்த அனுபவத்தின்மேல்தான் நிற்கின்றன. பிமட்டோப்ரோஸ்ட் மருந்தைக் கண்ணின் முன்னறைக்குள் வைக்கும் கரையும் குச்சிக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்ணீர்த் துளையில் செருகி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஸ்டீராய்டைச் சுரக்கும் பொருளும் பயன்பாட்டில் இருக்கிறது. கண் அழுத்தத்துக்கு லேசர் சிகிச்சையும் உண்டு. எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

அதுவரை சொட்டு மருந்தையே நன்றாகப் பயன்படுத்த ஏதாவது வழி?

உண்டு, செலவே இல்லாத வழி. கீழ் இமையை மெல்ல இழுத்து, உண்டாகும் பையில் ஒரே ஒரு துளி விடுங்கள். இரண்டாவது துளிக்கு அங்கே இடமில்லை என்பது மேலே பார்த்த கணக்கு. பிறகு கண்ணைச் சாதாரணமாக மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து மூக்குக்குள் இறங்கும் வழி அடைபடும். இமைப்பது, இறுக மூடுவது இரண்டும் வேண்டாம். இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி விடுங்கள். குப்பியின் முனை கண்ணிலோ விரலிலோ படக் கூடாது. இப்போது அம்மாவுக்கு நான்தான் சொட்டு விடுகிறேன். ஓரத்தை அவரே அழுத்திக்கொள்கிறார். தொண்டைக் கசப்பு நின்றுவிட்டது.

எந்த லென்ஸாக இருந்தாலும், எப்போது உடனே கழற்ற வேண்டும்?

கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், பீளை வந்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால். அந்த நிமிடமே கழற்றுங்கள், மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது கழற்றிய லென்ஸையும், அதன் பெட்டியையும், ஊறவைக்கும் திரவக் குப்பியையும் எறிந்துவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்பதைச் சோதனைக்கூடம் அவற்றிலிருந்து கண்டுபிடிக்க முடியும்.